எல்லாம் சரியாத்தான் இருக்கு!

உங்கள் வீட்டில் பழைய கார் ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் புண்ணியவான். இருக்கிறது என்றால் கொஞ்சம் இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

எங்கள் வீட்டில் இருப்பது கான்டெஸா. 1993-ல், அப்பா கோவையில் ஒரு மில்லில் மேனேஜராக இருந்தபோது வாங்கியது. இசுசு 1.8 லிட்டர் இன்ஜின். அந்தக் காரின் தயாரிப்பு 2002-லேயே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் நிற்கவில்லை. அப்பாவுக்கு இப்போது 84 வயசு. ஓட்டுவதை விட்டு ரொம்ப நாளாகிறது. ஆனாலும் தினமும் சாயங்காலம் ஷெட்டுக்குப் போய், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, பத்து நிமிஷம் இன்ஜின் சத்தத்தைக் கேட்பார். சிலர் ரேடியோவில் பழைய பாட்டு கேட்பதில்லையா, அந்த மாதிரி.

அந்தப் பாட்டுக்கு முப்பது வருஷமாக சுருதி சேர்த்தவர் எங்கள் மெக்கானிக். எந்தக் கருவியும் கிடையாது. காதும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும்தான். கார்புரேட்டர் திருகை அரைச்சுற்று திருப்புவார், காதைச் சாய்ப்பார், கால் சுற்று திருப்பி விடுவார். “போதுங்” என்பார். முடிந்தது.

2025-ல் நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது. எத்தனாலுக்கு எரிய காற்று குறைவாகப் போதும். அதாவது அதே காற்றுக்கு பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக ஊற்ற வேண்டும். பழைய கார்புரேட்டருக்கு இது எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு 1993-ல் கற்றுக்கொண்ட கணக்கில் ஊற்றிக்கொண்டிருந்தது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு திக்கல்.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா பையன்தான் யோசனை சொன்னான். “மாமா, கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வச்சிரலாம். அதே இடத்துல உட்கார்ற மாதிரி கிட் இருக்கு. தானே கத்துக்கும்.” லீவுக்கு வந்தபோது சூட்கேஸில் கொண்டே வந்துவிட்டான். ஊரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து மாட்டினோம். பளபளவென்று ஏ.சி. ரிசப்ஷன், காபி எல்லாம் உண்டு. எங்கள் மெக்கானிக்கிடம் சொல்லக்கூட இல்லை. இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

“தானே கத்துக்கும்” என்றானே, அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பிறகு கதை புரிய வேண்டுமல்லவா? புகை போகும் குழாயில் ஒரு ஆக்ஸிஜன் சென்சார். 1976-ல் பாஷ் கம்பெனி தயாரித்து வால்வோ கார்களில் முதலில் வந்த சமாசாரத்தின் பேரப்பிள்ளை. எரிந்து முடிந்த புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதா என்று மோந்து பார்க்கும். சுத்தமான பெட்ரோல் என்றால் 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று என்பது கணக்கு. புகையில் ஆக்ஸிஜன் அதிகம் மிஞ்சினால் பெட்ரோல் பத்தவில்லை என்று அர்த்தம், கம்ப்யூட்டர் கூட்டும். மிஞ்சாவிட்டால் குறைக்கும். எத்தனால் கலந்தாலும் சரி, கலக்காவிட்டாலும் சரி, மூக்கு பார்த்துக்கொள்ளும்.

முதல் வாரம் சொர்க்கம். சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட். அவிநாசி ரோட்டில் வழுக்கிக்கொண்டு போனது. மருமகன் பெருமையாக விமானம் ஏறினான்.

அப்புறம்தான் வாசனை வந்தது.

ஓடும்போது ஒன்றுமில்லை. சிக்னலில் நின்றால் பச்சைப் பெட்ரோல் வாடை, கண் எரிச்சல். இன்ஜின் குதிரை மாதிரி ‘டடக் டடக்’ என்று தள்ளாடும். சைலன்சர் வாயில் விரலை வைத்தால் கண்மை மாதிரி கரி. பொல்யூஷன் சென்டரில் சோதித்தார்கள். இந்த வயசுக் காருக்கு, நின்றபடி ஓடும்போது கார்பன் மோனாக்ஸைடு 3 சதவீதம் வரை மன்னிப்பு உண்டு. எங்களுடையது 5-ஐத் தாண்டியது. “சார், கொஞ்சம் பார்த்துட்டு வாங்க” என்று மரியாதையாக அனுப்பிவிட்டார்கள்.

கிட்டோடு வந்த சின்னத் திரையைப் பார்த்தேன். காற்று, பெட்ரோல் விகிதம் எவ்வளவு இருக்க வேண்டுமோ அதே எண், அச்சு பிசகாமல். எல்லாம் பச்சை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், “ஸ்க்ரீன்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்!” என்றார்கள். என் மூக்கு இல்லை என்கிறது. நான் யாரை நம்புவது, சொல்லுங்கள்?

மருமகனுடன் போனில் பேசிப் பேசி ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டோம். முதல் குற்றவாளி, தண்ணீர் சூட்டைச் சொல்லும் சென்சார். அது ‘இன்ஜின் இன்னும் குளிர்ச்சி’ என்று புளுகினால் கம்ப்யூட்டர் சோக் போட்ட மாதிரி ஊற்றிக்கொண்டே இருக்கும். காலையில் பார்த்தால் வெளி வெப்பத்தோடு ஒத்துப்போனது. ஓடியபின் 85 டிகிரி காட்டியது. நிரபராதி. அடுத்து பெட்ரோல் அழுத்தம். கேஜ் மாட்டிப் பார்த்தோம். இருக்க வேண்டிய 4 பார் இருந்தது. இன்ஜினை நிறுத்திய பிறகும் இறங்காமல் நின்றது, ஆகவே இன்ஜெக்டர் ஒழுகவில்லை. மூன்றாவது, பிளக். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதிலுள்ள ஆக்ஸிஜன் அப்படியே வெளியே வந்து சென்சாரைக் குழப்பும். நாலு பிளக்கும் புதுசு போட்டோம். இரண்டே நாளில் நாலும் அடுப்புக்கரி.

அப்போது திரையின் மூலையில் இன்னொரு எண்ணையும் பார்த்தேன். ‘திருத்தம்: கூட்டல் 28.’ நின்ற நிலையில், அந்த எண்ணைக் காட்டுவதற்காக கம்ப்யூட்டர் 28 சதவீதம் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. சரி, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு வருவதற்குள் வியாழன் வந்தது.

மார்கழி மாசம். பனி என்று அப்பா ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முக்கால் மணி நேரமாக ஆளைக் காணோம் என்று என் மனைவி போய்ப் பார்த்தால், ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்திருக்கிறார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. கதவைத் திறந்து, இன்ஜினை அணைத்து, இரண்டு பேருமாக வெளியே தூக்கி வந்தோம். கண் விழித்தார். “ஒண்ணுமில்லடா, நல்லாத்தான் இருக்கேன். லேசா தலைவலி” என்றார்.

கொரோனா காலத்தில் வாங்கின, விரலில் மாட்டும் மீட்டர் வீட்டில் இருந்தது. மாட்டினேன். ஆக்ஸிஜன் 98. அப்பாடா!

ஆனால், அவர் பேச்சு குழறியது. 98-ஐ நம்பாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அந்த ஒரு காரியம்தான் இந்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்தது. டியூட்டியில் இருந்த சின்ன வயசு டாக்டர் நடந்ததைக் கேட்டதும் மீட்டரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். “கார்பன் மோனாக்ஸைடுல இதை நம்பக்கூடாது சார். ரத்தத்துல ஆக்ஸிஜன் ஒட்டியிருந்தாலும், கார்பன் மோனாக்ஸைடு ஒட்டியிருந்தாலும் இதுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். ரெண்டையும் சேர்த்து 98-னு காட்டும்.” அந்த வாயு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. நமக்கு அடித்தது பெட்ரோல் வாடை. கொல்ல வந்தது அதன் பின்னால் ஓசைப்படாமல் வந்தது. ரத்தப் பரிசோதனை செய்து, ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிழைத்தார்.

விடியற்காலையில் மெதுவாகக் கேட்டேன். “அப்பா, தலைவலி எத்தனை நாளா?”

“பத்து நாள் இருக்கும்.”

“ஏம்ப்பா சொல்லல?”

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “சொன்னா வண்டிய வித்துருவே.”

இத்தனைக்கும் தினமும் ராத்திரி அவரிடம் “எப்படிப்பா இருக்கீங்க?” என்று கேட்பவன்தான் நான். “நல்லாத்தான் இருக்கேன்” என்பார். பச்சை எண். அந்த எண்ணைக் காட்டுவதற்கு அவர் உள்ளே எவ்வளவு கூட்டிக்கொண்டிருந்தார் என்று மூலையில் நான் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை பழைய மெக்கானிக் வீட்டு வாசலில் போய் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். “பெரியவர் எப்படி இருக்காருங்?” என்று மட்டும் கேட்டுவிட்டு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

திரையை அவர் பார்க்கவே இல்லை. நான் சொல்லச் சொல்லக் கேட்டார். “அந்த மோந்து பார்க்கிற சாமானை எங்கீங் வச்சிருக்காங்க?” என்றார். காட்டினேன். மேனிஃபோல்டுக்குக் கீழே, குழாயில் ஒரு முழம் தள்ளி வெல்டு வைத்து மாட்டியிருந்தார்கள்.

“அது பேச்சை இந்தக் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் கேக்காம இருக்க வழியிருக்குதுங்களா?”

இருந்தது. சென்சார் திருத்தத்தை அணைத்தேன். ஷெட்டுக்கு வெளியே தள்ளி நிறுத்தி ஸ்டார்ட் செய்தோம். நம்புவீர்களா? குதிரை நின்றது. சுருதி சுத்தமாக ஓடியது.

“அப்ப கம்ப்யூட்டர் மேல தப்பில்லீங். கோள் சொல்றவன் எவன்னு பார்ப்போம்.”

இன்ஜின் ஆறும்வரை டீ குடித்தோம். பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஈரக் கோணிச் சாக்கை நாலாக மடித்து, சைலன்சர் வாயில் ஓரிரு விநாடி அழுத்தினார். முன்னால் ‘புஸ் புஸ்’ என்று சத்தம். மேனிஃபோல்டும் குழாயும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரை ஊற்றினார். நுரை கொப்பளித்தது. சென்சார் வெல்டு வைக்கக் குழாயைக் கழற்றியவர்கள், நசுங்கிப்போன பழைய கேஸ்கட்டையே திரும்ப வைத்து மூடியிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். இன்ஜின் புகையைத் தொடர்ச்சியாக ஊதுவதில்லை. விட்டு விட்டு ஊதுகிறது. ஒரு ஊதலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் குழாயில் லேசான உறிஞ்சல் வரும். அந்த நேரத்தில் ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். வேகமாக ஓடும்போது புகை நிறைய இருப்பதால் அந்தக் காற்று கணக்கிலேயே வராது. நின்று ஓடும்போது புகை கொஞ்சம். திருட்டுக் காற்று பெரிதாகத் தெரியும். சென்சார் அதை மோந்து ‘ஐயோ, ஆக்ஸிஜன் மிஞ்சுது, பெட்ரோல் பத்தலை’ என்று அலறும். கம்ப்யூட்டர் ஊற்றும். அது போதாதென்று, விட்டு விட்டு அதே ஓட்டை வழியாகப் புகையும் வெளியேறி, காருக்குள் அப்பாவிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சென்சார் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். தன்னிடம் வந்த காற்றைப் பற்றி உண்மையைத்தான் சொன்னது. அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்று நாங்கள்தான் கேட்கவில்லை.

புது கேஸ்கட், இரண்டு போல்ட். தப்பாகக் கற்றுக்கொண்டதையெல்லாம் அழித்துவிட்டு, மறுபடி ஆரம்பத்திலிருந்து கற்க வைத்தோம். இரண்டு நாளில் திருத்தம் கூட்டல் 2-க்கு வந்தது. பொல்யூஷன் சென்டரில் 0.8 சதவீதம். சர்ட்டிஃபிகேட் கொடுத்துவிட்டார்கள்.

மெக்கானிக் கேஸ்கட்டுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். பிறகு, கழற்றிப் போட்ட எங்கள் பழைய கார்புரேட்டரைக் கேட்டு வாங்கி, பேப்பரில் சுற்றி எடுத்துப் போனார். “எதுக்குங்க அண்ணா?” என்றேன்.

“இருக்கட்டுங். முப்பது வருஷம் பழகிட்டோமில்ல.”

உங்களுக்குச் சொல்வதற்கு ஒன்றே ஒன்று. கார்புரேட்டரோ இன்ஜெக்‌ஷனோ, மூடின இடத்தில் வண்டியை ஓடவிடாதீர்கள். பத்து நிமிஷம்தானே என்று நினைக்காதீர்கள். தலை வலித்தால் முதலில் வெளியே வாருங்கள், பிறகு காரணம் தேடலாம்.

எங்கள் ஷெட்டுக்கு இப்போது கதவு கிடையாது. கழற்றி எடுத்துவிட்டேன். அப்பா வழக்கம்போல் சாயங்காலம் போகிறார். ஆனால், வண்டி இப்போது வாசலில், வேப்ப மரத்தடியில்தான் நிற்கிறது. நானும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். “எப்படிப்பா இருக்கீங்க?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். “இன்னிக்கு எங்கே வலிக்குது?” என்று கேட்கிறேன்.

முதல் நாள் முறைத்தார். இப்போது முழங்காலில் ஆரம்பிக்கிறார்.