ஒரு சொல், இரு கருவிகள்

ஆங்கிலத்தில் ‘ரீமர்’ என்னும் சொல் இரண்டு கைக்கருவிகளைக் குறிக்கும். ஒன்று பட்டறையில் துளையைப் பெரிதாக்குவது. மற்றொன்று அடுக்களையில் எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றைப் பிழிவது. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஆங்கிலச் சமையற்குறிப்பு ஒன்றைத் தமிழாக்கியபோது, அகராதி காட்டிய முதற்பொருளை எடுத்துக்கொண்டு, ‘எலுமிச்சையின் துளையை அகலமாக்குக’ என்று எழுதி வந்தாள். வகுப்பே சிரித்தது. எனக்கோ அவளைக் குறை கூறத் தோன்றவில்லை. அகராதி பொய் சொல்லவில்லையே! அச்சொல்லின் வேருக்குப் பழைய ஆங்கிலத்தில் இடம் உண்டாக்குதல் என்பதே பொருள். அறையைக் குறிக்கும் ‘ரூம்’ அதற்கு உறவு.

பட்டறைக் கருவியை விளக்க முற்பட்டபோது, வகுப்பில் அதிகம் வாய் திறவாத மாணவன் ஒருவன் எழுந்தான். அவன் தந்தை பட்டறைத் தொழிலாளி. 10 மி.மீ. துளை துல்லியமாக வேண்டுமெனில் முதலில் 9.8 மி.மீ. அளவில் துளையிட வேண்டும். எஞ்சியதை ரீமர் சீவி எடுக்கும். வலப்புறமாகவே திருக வேண்டும். வெளியே எடுக்கும்போதும் பின்னோக்கித் திருகலாகாது, திருகினால் சீவல் சிக்கி வெட்டுமுனை மழுங்கும் என்றான். எண்ணெய் விட வேண்டும் என்பதையும் மறக்கவில்லை. கட்டுரைப் பாடத்தில் இரண்டு வரிக்குமேல் எழுதாத பிள்ளை அவன்! சொன்னதை எழுதித் தரும்படி கேட்டேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. எழுத்துப்பிழைகள் இருந்தன, இருக்கட்டுமே.

எலுமிச்சைக் கருவிக்கு இத்துணைக் கண்டிப்பு இல்லை. வரிப்பள்ளங்கள் கொண்ட கூம்பு அது. பாதியாய் நறுக்கிய பழத்தில் அழுத்தி இருபுறமும் திருகலாம். வெண்தோலைச் சுரண்டும் அளவுக்கு அழுத்தினால்தான் சாறு கசக்கும். நம் நாட்டு லீமாவ் கஸ்தூரிக்கோ கருவியே வேண்டா; இரு விரல் போதும்.

இவ்விரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்லைத் தேடுவது வீண் வேலை என்பது என் கருத்து. வேலை வேறு, சொல்லும் வேறாகவே இருக்கலாம். மாணவி ‘சாறு பிழியும் கட்டை’ என்று திருத்தி எழுதினாள். மரத்தால் ஆனதற்கு அது பொருந்தும். பட்டறைக் கருவிக்குத் ‘துளையகற்றி’ என்றான் வேறொருவன். அகற்றுதல் என்றால் நீக்குதலும் ஆகுமே, துளையை எப்படி நீக்குவது என்று பட்டறைக்காரரின் மகன் மடக்கினான். அவன் தந்த சொல் ‘துளைசீவி’. பட்டறைகளில் பணிபுரியும் பெற்றோர் தாங்கள் வழங்கும் சொல்லை எழுதியனுப்பினால், வகுப்பில் படித்துக் காட்டுவேன்.