சித்தப்பாவின் வலது கை

ஜூலை 14 அன்று காலையில் நான் வழக்கமாகக் கடற்கரைச் சாலைக்குப் போய்விடுவேன். காந்தி சிலைக்கு அருகில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பார்கள். இரண்டு நாட்டு கீதங்களும் ஒலிக்கும். முதல் உலகப் போரில் இறந்த நம் பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-இல் திறக்கப்பட்ட சின்னம் அது. நான் போவது பிரான்சுக்காக அல்ல, என் சித்தப்பாவுக்காக.

சித்தப்பா ஒரு சொல்தா. புதுவைக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. இருபது வயதில் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனா போனார், பிறகு அல்ஜீரியா. ரெத்ரேத் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர், அதன் பிறகு துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஜூலை 14, நவம்பர் 11 இரண்டு நாளும் வெள்ளைச் சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு போய் நிற்பார். மலர்வளையம் வைத்ததும் வலது கை தானாக நெற்றிக்கு ஏறும்.

2002-இல் இந்தியக் கொடி விதித் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அப்போது நான் சர்வீசில் இருந்தேன். சுதந்திர தின ஏற்பாட்டுக் கோப்பு என் மேசையில்தான் இருந்தது. கொடி ஏற்றும்போது எல்லோரும் கொடியை நோக்கி அசையாமல் நிற்க வேண்டும், சீருடையில் இருப்பவர்கள் முறைப்படி சல்யூட் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. எதிர் வீட்டில் இருந்த இந்திய ராணுவத்து ஓய்வுபெற்ற ஹவில்தாரும், "தலையில தொப்பி இல்லாம எங்க பட்டாளத்துல கை தூக்க மாட்டோம் சார், விறைப்பா நிப்போம், அவ்வளவுதான்" என்பார். அது பிரிட்டிஷ் காலத்திலிருந்து வரும் பழக்கம்.

இரண்டையும் சேர்த்துக்கொண்டு நான் சித்தப்பாவிடம் சட்டம் பேசினேன். "சீருடை இல்லாம, தொப்பி இல்லாம சல்யூட் அடிக்கக் கூடாது சித்தப்பா. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ படிச்சவன். ரூல் அப்படின்னா சரிதான் தம்பி" என்றார். அதோடு விட்டுவிட்டார். அடுத்த தடவை கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றார். எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

2006 ஜூலை 14 அவருடைய கடைசி ஜூலை 14. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். மலர்வளையம் வைத்தார்கள். அவருடைய வலது கை என் தோளை விட்டு எழுந்தது. மார்பு வரை வந்தது. அங்கேயே நின்றது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பையன் வாத்தியாரைப் பார்ப்பது போன்ற பார்வை. நான் ஒன்றும் சொல்லவில்லை. கை இறங்கிவிட்டது. செப்டம்பரில் போய்விட்டார்.

ரிடையர் ஆன பிறகு ஒருநாள் அந்த விதியை மறுபடி படித்தேன். முப்பது வருஷம் கோப்பு பார்த்தவன், முதல் தடவை சரியாகப் படிக்கவில்லை. சீருடையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. சீருடையைக் கழற்றிய பழைய சிப்பாய் கையைத் தூக்கக் கூடாது என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அதுவும் கொடிக்கான விதி. கடற்கரையில் இருப்பதோ இறந்தவர்களுக்கான கல். இல்லாத தடையை நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் 2008-இல் சட்டத்தையே திருத்தினார்கள். கொடி ஏறும்போதும் தேசிய கீதத்தின்போதும் முன்னாள் படைவீரர்கள் சாதாரண உடையிலேயே சல்யூட் செய்யலாம் என்று எழுதிவிட்டார்கள். அப்படியானால் இது ஊருக்கு ஊர் மாறும் பழக்கம்தானே?

ஹவில்தார் சொன்னதையும் நான் தள்ளவில்லை. பணியில் இருப்பவனுக்குக் கட்டுப்பாடு வேண்டும். போருக்கே போகாதவன் சந்தையில் மெடல் வாங்கிக் குத்திக்கொண்டு சல்யூட் அடித்தால் எனக்கும் கோபம் வரும். ஆனால் உண்மையிலேயே போய் வந்தவரின் கை, உடன் போய்த் திரும்பாதவர்களுக்காக எழும்போது அதைத் தடுக்க மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு என்ன உரிமை? கையை இறக்கி நிற்க விரும்புகிறவர் அப்படியே நிற்கட்டும். அவர் மரியாதை அவருக்கு. தூக்குகிறவரை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.

சித்தப்பாவின் மெடல்கள் இப்போது என் பீரோவில் இருக்கின்றன. இங்கிலாந்தில் இறந்தவரின் மெடல்களை அவர் வீட்டார் வலது மார்பில் குத்திக்கொள்வார்களாம். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. சட்டைப் பையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போவேன். நான் பட்டாளம் போகாதவன். அதனால் கைகளைக் கட்டாமல் நேராக நிற்பேன், அவ்வளவுதான்.

போன ஜூலையில் என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், வேட்டி சட்டையில், நடுங்கும் கையை நெற்றிக்கு உயர்த்தினார். பின்னால் ஒரு பையன், "தாத்தா, யூனிபார்ம் இல்லாம அடிக்கலாமா?" என்று கேட்டான். நான் திரும்பி, "அவர் அடிக்கலாம் தம்பி" என்றேன்.

நான்கு வருஷம் ஒருவருக்குச் சொல்லியிருக்க வேண்டியது அது.