நல்ல நாள் எது?

"சனிப்பெயர்ச்சி கழியட்டும், அதன்பின் மனுப் போடுங்கள்" என்றார் சோதிடர். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிற்றப்பா இதை நம்மிடம் வந்து சொன்னார். நாம் சிரித்தோம். பட்டம் பெற்ற புதிது. பகுத்தறிவு நமக்கு மட்டுமே பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டது என்ற எண்ணம். பீரங்கி முழக்கத்திலே செவியைப் பறிகொடுத்தவர், மலைச்சரிவிலே விழுந்து முதுகைப் பறிகொடுத்தவர், பஞ்சாங்கத்திலே பொழுதையும் பறிகொடுப்பதா என்று கேட்டோம்.

கேட்ட நாம் என்ன செய்தோம்? அதைச் சொல்லவே இக்கட்டுரை, தோழர்களே! பிறர் மடமையைப் பேசுவது எளிது. நம் மடமையைப் பேசுவதே கடினம்.

சிற்றப்பாவின் ஊர் பெரம்பலூருக்குத் தெற்கே, பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரிச் சிற்றூர். மழை பொய்த்தால் பட்டாளம், பட்டாளம் இல்லையேல் பிழைப்புத் தேடி வெளியூர் என்று வாழும் குடும்பங்கள் அங்கே பல. பதினேழு ஆண்டுகள் பீரங்கிப் படையில் பணியாற்றி, நாயக் என்ற நிலையில் 2018இல் ஊர் திரும்பினார் சிற்றப்பா. விடுவிக்கும்போது கூடிய மருத்துவக் குழு, செவிக்குறை 20 விழுக்காடு என்று எழுதியது. எழுதிய கையோடு, "பணியால் நேர்ந்ததுமன்று, பணியால் மிகுந்ததுமன்று" என்றும் எழுதியது. பதினேழு ஆண்டு பீரங்கியருகே நின்றவனுக்குச் செவி மந்தமானது பணியாலன்று! வேறெதனால்? அவ்வூர்க் குயில் கூவியதாலா?

ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. மறுத்த ஆணை வந்த ஆறு திங்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். 2019இல் செய்தார். விடை வரவில்லை. அதற்குள் முதுகுவலி முற்றியது. பணிக்காலத்தில் விழுந்ததற்கு இராணுவ மருத்துவமனையில் படுத்த சீட்டு பெட்டியில் இருந்தது. ஆனால் விடுவிப்புக் குழுவின் முன் அதைப்பற்றி அவர் வாய் திறக்கவில்லை. வீடு திரும்பும் ஆவல். "வலிக்கிறது" என்பது வீரனுக்கு இழுக்கு என்ற எண்ணம் வேறு.

"தம்பி, செவி வழக்கு நிற்கும்போதே முதுகுக்கும் கேட்கலாமா?" என்றார்.

"பொறுங்கள் சித்தப்பா. முதல் மேல்முறையீடு முடியட்டும். இரண்டையும் கேட்டால் பேராசைக்காரர் என்பார்கள், இருப்பதும் கெடும்" என்றோம்.

எந்தச் சட்டத்தில் படித்தோம்? எவரிடம் கேட்டோம்? எதிலும் இல்லை, எவரிடமும் இல்லை. அச்சம் சொன்னது, நாம் ஒப்புவித்தோம். சோதிடர் கேட்ட தவணை சில திங்கள். அவர் சொன்ன பெயர்ச்சி அவ்வாண்டு டிசம்பரிலேயே முடிந்தது. பட்டதாரி நாம் கொடுத்த தவணையோ நான்கு ஆண்டுகள்!

2021இல் முதல் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. இரண்டாவது மேல்முறையீடு போயிற்று. அரியலூர்ப் பக்கம் ஆசிரியப் பணியில் சேர்ந்த நாம், சிமெண்டு லாரிகள் எழுப்பும் புழுதிக்கிடையே பள்ளிக்குப் போவதும், தபால் வந்ததா என்று தொலைபேசியில் கேட்பதுமாக இருந்தோம். 2024இல்தான் சென்னையில் ஒரு வழக்கறிஞரைக் கண்டோம். அரை மணி நேரத்தில் நம் அறியாமையைப் பிட்டுப் பிட்டு வைத்தார்.

ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. மேல்முறையீட்டுக்கு ஆறு திங்களாகியும் விடை இல்லையெனில், அதற்குமேல் காத்திராமல் தீர்ப்பாயத்தை அணுகலாம். நமக்குத் தெரியாது. ஓய்வூதிய மறுப்பு திங்கள்தோறும் தொடரும் தவறு ஆகையால், காலங்கடந்தும் வழக்குத் தொடுக்கலாம்; ஆனால் நிலுவைத் தொகை, வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கே கிடைக்கும். தர்செம் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 2008இல் வகுத்த நெறி இது. செவிக்கான வழக்கு 2024இல் தொடுக்கப்பட்டது. வென்றாலும் 2021 முதலே பணம். முதுகுக்கான கோரிக்கையும் அவ்வாண்டுதான் போயிற்று. அது எல்லாப் படிகளையும் ஏறித்தான் தீர்ப்பாயத்தின் வாயிலைத் தொடவேண்டும். அதற்கான நிலுவை இன்னும் சுருங்கும்.

சுருங்குவது சிறு தொகையா? முழு ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. 20 விழுக்காட்டுக்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. 20 முதல் 50க்குள் இருப்பின் 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருப்பின் 75 ஆகவும் உயர்த்திக் கணக்கிடுவர். பணிக்காலம் முடிந்து வந்தவர்க்கும் இவ்வுயர்வு உண்டென்று 2014இல் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பாயிற்று. செவி மட்டும் என்றால் ஊதியத்தின் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 15 ரூபாய். செவியும் முதுகும் சேர்ந்த மதிப்பு 50ஐத் தாண்டினால் 22 ரூபாய் 50 காசு. திங்கள்தோறும், ஆயுள்முழுதும்!

ஆகவே, மேல்முறையீடு நிற்கும்போது புதுக் கோரிக்கை எப்போது? மூன்று நிலைகளைப் பிரித்துப் பாருங்கள்.

பழைய நோயே முற்றியதா? அது புதுக் கோரிக்கையன்று. மறுமதிப்பீட்டு மருத்துவக் குழுவைக் கேளுங்கள். வேறொரு நோயா, பணிக்காலச் சீட்டும் மருத்துவர் கருத்தும் கையில் உண்டா? இன்றே தனி மனுவாக அனுப்புங்கள். நிற்கும் மேல்முறையீட்டின் ஓரத்தில் ஒட்டவைக்காதீர்கள். அந்தக் குழு ஆராய்வது முன்னைய ஆணையைத்தான்; அதில் இல்லாததை அது எப்படி ஆராயும்? நோய் உண்டு, சான்று இல்லையா? வெறுங்கையோடு ஓடாதீர்கள். படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதி மருத்துவத் தாள்களைப் பெறுங்கள். சேரும்போது குறிக்கப்படாத நோய் பணியில் வந்ததாகவே கொள்ளத்தக்கது, மறுப்பவரே காரணம் காட்ட வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் உரைத்திருக்கிறது. 2023 செப்டம்பருக்குப் பின் ஓய்வு பெற்றோர்க்குப் புதிய விதிகள் வந்துள்ளன. அவர்கள் அவற்றையும் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில், "கோரிக்கை செய்ய எண்ணியுள்ளேன்" என்று முன்னாள் வீரர் அறிவித்துவிட்டு, ஓராண்டுக்குள் முழு மனுவைத் தந்தால், அறிவித்த நாளையே கணக்கில் கொள்ளும் ஏற்பாடு உண்டு. நாளின் விலையை அறிந்தோர் செய்த ஏற்பாடு அது. இங்கே நம் வீரன் நாளைச் சோதிடரிடம் கேட்கிறான், அல்லது நம்மைப்போல் அரைகுறை அறிவாளியிடம் கேட்கிறான். இரண்டுக்கும் வேறுபாடென்ன? காரணம் கேளாமல் காத்திருக்கச் சொல்பவன் கையில் பஞ்சாங்கம் இருந்தாலென்ன, பட்டச் சான்றிதழ் இருந்தாலென்ன?

சிற்றப்பாவிடம் நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். செவி கேளாதவராயிற்றே, தாளில் எழுதிக் காட்டினோம். படித்தார். நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "நீ படித்த பிள்ளை என்றுதானே தம்பி கேட்டேன்" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

அன்று முதல், விடுமுறை நாள்களில் சுற்றூர்ப் பட்டாளத்தாரின் தாள்களை வாங்கிப் படிக்கிறோம். தெரிந்ததைச் சொல்கிறோம், தெரியாததை வழக்கறிஞரிடமும், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்டுச் சொல்கிறோம். "பொறுங்கள்" என்ற சொல்லை மட்டும் காரணமின்றி உரைப்பதில்லை. நல்ல நாள் எது என்று கேட்போர்க்கு நம் விடை ஒன்றே: சான்று கைக்கு வந்த நாள்!