ரந்தாவிலிருந்து துறையூருக்கு

மே 2, வெள்ளி

பெரியப்பாவுக்கு டிக்கெட் பார்த்தேன். அவருடைய அப்பா துறையூர்ப் பக்கத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு வந்தவர். 1938இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தும் முன்பே வந்து, மலேசியாவின் ரந்தாவில் பால்மரம் வெட்டி, இங்கேயே கண்ணை மூடினார். பெரியப்பா அந்த ஊரை இன்னும் பார்த்ததில்லை.

“சென்னைதானே கிட்ட? அதுக்கே போட்டுருய்யா” என்றார். வான்வழிக்கு அது சரி. சிப்பாங் விமான நிலையத்திலிருந்து சென்னை 2,600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். திருச்சி 2,700ஐ நெருங்கும். ஆனால் சென்னையில் இறங்கினால் துறையூருக்கு இன்னும் 300 கிலோமீட்டர் போல ரோட்டில் போகவேண்டும். திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரம் போதும். திருச்சிக்கே போட்டேன். தோட்டத்துக்கு ஆள் வந்ததே பெரும்பாலும் திருச்சி, தஞ்சை, சேலம், ஆற்காடு மாவட்டங்களிலிருந்துதான். அவர்கள் பிள்ளைகளுக்குக் கிட்டத்து ஊர் திருச்சிதான்.

மே 4, ஞாயிறு

இரவு முழுக்கக் கப்பல் பேச்சு. 1926இல் கட்டிய ‘ராஜுலா’ 1970களின் தொடக்கம் வரை ஓடியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். காசில்லாதவருக்கு மேல்தளமே இடம். பாயை விரித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு வாரம் போலக் கடல். கரை சேர்ந்ததும் நோய்த்தடுப்பு முகாமில் அடைப்பு, அப்புறம்தான் தோட்டம். பிறகு வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீப்பிடித்தது, பலர் மாண்டார்கள். அந்தக் கடல்வழிப் பயணமும் அதோடு முடிந்தது.

மே 10, சனி

பெட்டி கட்டினோம். மைலோ, கோடாலித் தைலம், சொந்தக்காரப் பிள்ளைகளுக்குச் சட்டை. பெரியப்பா தராசில் வைத்து வைத்து எடுத்தார்; தைலப் புட்டிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினார்.

நேரக் கணக்கை அவருக்கு விளக்கினேன். பறப்பது நாலு மணி நேரம். காலை 9 மணிக்குக் கிளம்பினால் அங்கே இறங்கும்போது மணி 10.30. திரும்பும்போது இரவு 11க்கு ஏறினால் இங்கே விடிகாலை 5.30. இடையில் இரண்டரை மணி நேர வித்தியாசம். 1982க்கு முன் அது இரண்டு மணி நேரமாக இருந்தது; அந்த ஜனவரியில் மலேசியத் தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். வீட்டு வாசலிலிருந்து விமான நிலையம், அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு, குடிநுழைவு, ரோடு எல்லாம் சேர்த்தால் பத்து மணி நேரத்துக்கு மேல். விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்தது தனி.

பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து, “சமயபுரத்தா குங்குமம் கொண்டாய்யா” என்றார். மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, முன் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. கையில் இன்னும் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டை. எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கிடையாது. அவருக்கு நாலு மணி நேரத் திருச்சி, கப்பல் காலத்தைவிடத் தூரம்.

ஊருக்கு டிக்கெட் போடுகிறவர்களே, உங்கள் தோட்டத்தில் இப்படி ஒருவர் இருந்தால், அவரையும் தேசியப் பதிவிலாகாவுக்குக் கூட்டிப்போங்கள். குடியுரிமைப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள், சாட்சிக்கு நில்லுங்கள். அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.