மரத்துப் போகும் தோல்

நோவு என்பது நம் தோட்டப்புறத்தில் நெடுங்காலம் பேசப்படாத பொருளாகவே இருந்து வந்தது எனலாம். ரந்தாவ், லிங்கி, லாபு, பஹாவ் என நெகிரி செம்பிலான் எங்கும் பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களில், விடியற்காலைப் பெரட்டுக்கு வராதவருக்கு அன்றைய கூலி இல்லை. ஆகவே, பால் வெட்டும் கத்தி விரலைக் கிழித்தாலும் துணியைச் சுற்றிக்கொண்டு நிரைக்குப் போனவர்களே மிகுதி. தோட்ட மருத்துவமனையில் டிரசர் கட்டியைக் கீறும்போது, "பல்லைக் கடித்துக்கொள்" என்னும் சொல்லே பலருக்கு வாய்த்த மயக்க மருந்து. அலகு குத்துவோர்க்குத் திருநீறு துணை. காது குத்தப்படும் குழந்தைக்கோ ஒரு வாய்ச் சர்க்கரை.

இந்நிலையை மாற்ற வந்ததுதான் தோலை மரத்துப் போகச் செய்யும் களிம்பு. மரத்தல் என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், வெட்டுப் பட்டும் வாய் திறவாத ரப்பர் மரமே என் நினைவுக்கு வரும். மொழியாசிரியனின் பழக்கம் போலும்!

சுவீடன் நாட்டு வேதியியலார் நில்ஸ் லோஃப்கிரன் 1943ஆம் ஆண்டில் லிடோகேயின் என்னும் மருந்தை உருவாக்கினார். ஊசி வழியே செலுத்தினால் அது நன்கு பயன்பட்டது. ஆயினும் முழுமையான தோலை அது எளிதில் ஊடுருவவில்லை. பின்னர், லிடோகேயினையும் பிரிலோகேயினையும் சம அளவில் கலந்தால், திண்மமான அவ்விரண்டும் உருகி எண்ணெய் போலாகும் என்பது தெரியவந்தது. அவ்வாறு ஒவ்வொன்றும் 2.5 விழுக்காடு சேர்ந்த களிம்பு 1980களில் வழக்கிற்கு வந்தது. தடவி, மேலே மெல்லிய உறையிட்டு, ஒரு மணி நேரம் பொறுத்தால் தோல் மரக்கும்.

என் அண்ணன் பேத்திக்கு ஒன்பதாம் மாதத்தில், ரந்தாவ் பக்கத்துத் தோட்டக் கோயிலில் காதணி விழா வைத்தார்கள். அண்ணன் மகன் இணையத்தில் வாங்கிய ஒரு குழாயை என்னிடம் காட்டி, "சித்தப்பா, இதைத் தாராளமாகப் பூசிவிட்டால் பாப்பா அழவே மாட்டாள்" என்றான். அண்ணியாரோ, "நீங்களெல்லாம் அழாமலா காது குத்திக்கொண்டீர்கள்?" என்று சினந்தார். எனக்கு அண்ணியாரின் கட்சியும் உடன்பாடன்று. தவிர்க்கக்கூடிய நோவைக் குழந்தை ஏன் தாங்க வேண்டும்? என்னை உறுத்தியது 'தாராளமாக' என்னும் சொல்தான். குழாயில் 10 விழுக்காடு என்றிருந்தது. நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்துகளில் 'மால்' என்னும் எழுத்துகளோடு தொடங்கும் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதில் அது இல்லை.

தோலில் பூசுவது தோலோடு நின்றுவிடும் என்று நம்புகிறோம். அது நிற்பதில்லை; குருதியில் கலக்கிறது. பரப்பும் நேரமும் மிகுந்தால், இறுகச் சுற்றினால், சூடுபடுத்தினால், புண்பட்ட தோலில் பூசினால், கலக்கும் அளவும் மிகும். அமெரிக்காவில் 22, 25 வயதுடைய இரு பெண்கள், ஒளிக்கற்றையால் முடி நீக்குமுன், சொல்லப்பட்டபடியே கால்கள் முழுதும் களிம்பு பூசி நெகிழித்தாள் சுற்றினர். வலிப்புக் கண்டு, நினைவிழந்து, இருவரும் மாண்டனர். அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் 2007ஆம் ஆண்டில் இதனை எடுத்துக்காட்டி எச்சரித்தது. 4 விழுக்காட்டுக்கு மேற்பட்ட லிடோகேயின் கொண்டு கடைகளில் நேரே விற்கப்படும் களிம்புகளைப் பற்றி 2024 மார்ச்சில் மீண்டும் எச்சரித்தது. உதடு மரத்தல், காதில் இரைச்சல், தலைசுற்றல், மிகுந்த உறக்கம் ஆகியவை முன்னறிகுறிகள். அவை தோன்றின் உடனே களிம்பைத் துடைத்தெடுத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

குழந்தைகளிடத்தில் இன்னுமோர் இடர் உண்டு. பிரிலோகேயின் மிகுந்தால் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஜி6பிடி குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு இது மேலும் ஆபத்தானது. மலேசியாவில் பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடிக் குருதியிலேயே இக்குறைபாட்டைச் சோதித்துவிடுகிறார்கள். அந்துருண்டையை வீட்டில் வைக்காதீர்கள் என்று தாதியர் சில தாய்மாருக்குச் சொல்வது இதனால்தான். அத்தாய்மார் களிம்பைப் பற்றியும் கேட்டறிதல் நன்று.

நான் சிரம்பானில் ஒரு மருந்தாளரிடம் அண்ணன் மகனை அழைத்துச் சென்றேன். அவர் முதலில் கேட்டது குழந்தையின் எடை. அடுத்து, ஜி6பிடி முடிவு. பின்னர், சல்பா வகை மருந்து ஏதும் உட்கொள்கிறாளா என்பது. மூன்று மாதம் முதல் ஓராண்டு வரையுள்ள, 5 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைக்கு மொத்தமே 2 கிராம்தான் உச்ச அளவு என்றார். 5 கிராம் குழாயில் அது பாதிக்கும் குறைவு! காது மடலுக்கு அதுவும் வேண்டுவதில்லை. செவித்துளைக்குள் வழியக் கூடாது, குழந்தை விரலால் தொட்டு வாயில் வைக்கக் கூடாது, மொட்டையடித்த தலையில் கீறல் இருப்பின் அதன் அருகே போகக் கூடாது என்றும் சொன்னார். மருத்துவரையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளச் சொன்னார், கேட்டோம்.

விழாவன்று களிம்பை மடலின் முன்னும் பின்னும் பயறளவு வைத்து, கடிகாரம் பார்த்து, ஒரு மணி நேரத்தில் துடைத்தெடுத்தார் தாய். பத்தர் ஊசியை எடுத்தார். குழந்தை வீறிட்டு அழுதாள். ஆனால் ஊசி இன்னும் அவளைத் தொடவே இல்லை. தலையை இறுகப் பிடித்திருந்த தாய்மாமன் கைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் பிடியைத் தளர்த்தியதும் அழுகை நின்றது. குத்தி முடித்ததை அவள் அறிந்ததாகவே தெரியவில்லை. இணையத்தில் வாங்கிய குழாய் மருந்தாளர் மேசையிலேயே தங்கிவிட்டது.