பனியனுக்கு விட்ட இடம்

மெரினா கிழக்குப் பார்த்த கடற்கரை. அங்கே நீர்வண்ணம் தீட்ட வருகிறவர்களுக்கு முதல் சிக்கலே இதுதான். காலையில் சூரியன் கடலிலிருந்து எழும்போது வெளிச்சம் அற்புதமாக இருக்கும். ராட்டினங்களோ தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும். மாலையில் கூட்டம் உண்டு, ராட்டினமும் சுற்றும். ஆனால் சூரியன் ஊர்ப்பக்கம் கட்டடங்களுக்குப் பின்னே இறங்கிவிட்டால் மளமளவென்று இருட்டிவிடும்.

நான் போயிருந்த மாலையில் ஓர் ஓவியர் குடை ராட்டினத்துக்குச் சற்றுத் தள்ளி மணலில் உட்கார்ந்திருந்தார். மடியில் பலகை, அதன்மேல் நான்கு ஓரமும் டேப் ஒட்டிய கெட்டித் தாள். பக்கத்தில் இரண்டு டப்பாத் தண்ணீர்: ஒன்று பிரஷ் கழுவ, மற்றது வண்ணம் குழைக்க. பென்சில் கோடுகள் சிலவே. தாளின் மேல்பாதியை நனைத்து, ஈரம் காயுமுன் சாம்பல் நீலத்தையும் வெளிர் ரோஜாவையும் விட்டார். இரண்டும் தாமாகவே கலந்து வானமாயின.

பிறகு காத்திருப்பு. கடற்காற்றின் ஈரத்தில் தாள் எளிதில் காயாது. அவசரப்பட்டுக் குதிரை பொம்மைகளைத் தீட்டினால் விளிம்பு பரவி, குதிரை வானத்தோடு கரைந்துவிடும்.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். எண்ணெய் வண்ணத்தைப்போல இருட்டின்மேல் வெளிச்சத்தை ஏற்ற இதில் வழியில்லை. அலை நுரை, இரும்புக் குழாயின் பளபளப்பு, பஜ்ஜிக் கடை பல்பு எல்லாவற்றுக்கும் முன்பே இடம் விட்டுவைக்க வேண்டும். காய்ந்தால் நிறம் வெளிறும் என்பதால் ஒரு படி அழுத்தமாகவே போட வேண்டும். ராட்டினத்தின் நடுவே, கம்பியை ஒட்டி, அவரும் ஒரு சிறு வெள்ளையை விட்டிருந்தார். எதற்கென்று அப்போது புரியவில்லை.

அந்தக் குடை ராட்டினத்துக்கு மோட்டார் கிடையாது. கையால்தான் சுற்ற வேண்டும். ராட்டினக்காரர் கம்பியைப் பிடித்து இழுத்து, வேகம் பிடிக்கும்வரை கூடவே ஓடுகிறார். குழந்தை வீறிட்டால் தன் உடம்பையே பிரேக்காகக் கொடுத்து நிறுத்துகிறார். உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது. துருவைச் சுரண்டி எனாமல் பெயின்ட் அடிப்பதும் அவர் வேலை. ஓவியர் பேலட்டில் தேடுகிற சிவப்பையும் மஞ்சளையும் முதலில் தேர்ந்தெடுத்தவர் அவர்தான்.

அதே கடற்கரையில் 1959 முதல் உழைப்பாளர் சிலை நிற்கிறது. பாறையை நகர்த்தும் நான்கு பேர். வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1850-ல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிக்கு, அதாவது இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரிக்கு, 1929-ல் பொறுப்பேற்றவர். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர். ராட்டினத்தை உந்துகிறவரின் வளைந்த முதுகிலும் ஊன்றிய காலிலும் அந்தச் சிலையின் அதே வலு தெரிகிறது. இருந்தும் நான் பார்த்த கடற்கரை ஓவியங்களில் படகு வருகிறது, பலூன் வருகிறது, இவரைக் காணோம். இது பெரிய குறை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஓவியர் பர்ன்ட் சியன்னாவில் அல்ட்ராமரீன் நீலம் கலந்தார். விட்டுவைத்த வெள்ளையைச் சுற்றி ஐந்தாறு தீற்றல்கள். தோள், கை, ஊன்றிய கால். அந்த வெள்ளை, ராட்டினக்காரரின் பனியன்! வானத்தைத் தீட்டும்போதே அவருக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. ஒரு சவாரி முடிந்ததும் ராட்டினக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். முகமே தீட்டாத உருவத்தில் தன்னைக் கண்டுகொண்டு சிரித்தார்.

மெரினாவுக்குப் பிரஷ்ஷோடு போகும் மாணவர்கள் ராட்டினத்தோடு அதைச் சுற்றுகிறவரையும் வரையுங்கள். முடித்ததும் படத்தை அவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.