துவாய்க்குக் கீழே காய்ந்தவை

எங்கட வீட்டுக் கொடியில பிராவுக்கு மேல எப்பவும் ஒரு துவாய் கிடக்கும். லண்டனில் எங்கள் பின்வளவுக்குள் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று அம்மாவிடம் நான் கேட்டதேயில்லை. என் முதல் பிராவும் அப்படி ஒளித்துத்தான் வந்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்தால வர, கட்டிலில் ஒரு பை. உள்ளே அம்மாவின் அளவிலேயே, 36பி. ஒரு சொல் கதைக்கவில்லை. நானும் இருபத்தைந்து வருசமாக 36பிதான் வாங்கினேன்.

போன மாசம் என் 12 வயது மகள் விளையாட்டு வகுப்புக்குப் போகமாட்டன் என்று நின்றாள். ஒவ்வொரு வியாழனும் வயிற்றுக்குத்து, தலையிடி. கடைசியில், இரவு லைட்டை அணைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஓடேக்க நோகுது அம்மா. எல்லாரும் பார்க்கினம்."

இவளுக்கும் நான் கட்டிலில் ஒரு பையைத்தானே வைத்திருந்தேன்!

சனிக்கிழமை, அளந்து தருகிற கடை ஒன்றுக்குப் போனோம். அவள் கூச்சப்பட்டாள். "முதல்ல எனக்கு அளக்கட்டும்" என்றேன். மார்புக்குக் கீழே சுற்றளவு 32 அங்குலம், நிறைந்த இடத்தில் 38. அந்தப் பெண் சொன்ன அளவு 32இ. நான் நம்பவில்லை. முந்தி கீழளவோடு 4 கூட்டுவார்களாம், அப்படித்தான் 36 வரும். இப்போது கூட்டாமல், வித்தியாசத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு எழுத்து. இங்கத்தைய கணக்கில் டிக்குப் பிறகு டிடி, அதுக்குப் பிறகுதான் இ.

பாரத்தைத் தாங்குவது தோள் ஸ்ட்ராப் இல்லையாம், சுற்றிவரும் பட்டிதான். அது முதுகில் மேலே ஏறினால் பட்டி பெரிது என்று அர்த்தம். புதுசு வாங்கும்போது ஆகத் தளர்வான கொழுக்கியிலேயே சரியாகப் பிடிக்க வேண்டும். துணி இழுபட இழுபட, உள்கொழுக்கிக்கு மாறலாம். என் தோளில் இருந்த பள்ளங்களுக்கு அன்றைக்குத்தான் காரணம் விளங்கியது.

மகள் ஒரு ஸ்போர்ட்ஸ் பிராவைப் போட்டு, உடுப்பு மாற்றும் அறைக்குள் மூன்று தரம் குதித்தாள்.

"நோகேல்லை!"

திரைக்கு வெளியில் நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. (வளருற பிள்ளை, சில மாசத்துக்கு ஒருக்கா திரும்ப அளக்க வேணும்.)

வீட்டில் அம்மா விலையைக் கேட்டு, "உதுக்கு இவ்வளவு காசோ?" என்றா. பின்னேரம் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினா. கையில் தையல் பெட்டியில கிடந்த அளவு நாடா.

"எனக்கும் ஒருக்கா பார், பிள்ளை."